"அவருக்கு அது நோய்" என்று பொறுத்துப் போனவர்கள் எழுதுங்கோ

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வெளியில் கேட்டால் என் வீட்டுக்காரர் தங்கமான மனிசன், கோயில் அன்னதானம் என்றால் வாளி தூக்குவதில் முதல் ஆள். வீட்டில் குழம்புக்குப் புளி கூடினால் சட்டியோடு முற்றத்தில் போகும், தங்கச்சியோடு போனில் கதைத்தால் நாள்கணக்கில் முகம் தரமாட்டார். மாமி "அவன் சின்னனிலயே அப்படித்தான் பிள்ளை, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பா. ஒருநாள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர், படலையில் மேலதிகாரியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் "வாங்கோ சேர், தேத்தண்ணி குடிப்பம்" என்று சிரித்தார் பாருங்கோ, கோப்பை என் கையில் கடகடவென்று ஆடியது. சேர் போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்! யூடியூப்பில் பார்த்து அவர் நாசிசிஸ்ட், தன்னையே பெரிதாக நினைக்கிற ஆளுமைக் கோளாறு உள்ளவர் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். நித்திரை இல்லாமல் கிளினிக் போனபோது மனநல வைத்தியரிடம் கேட்டேன். தான் பார்க்காத ஆளுக்குப் பெயர் வைக்க முடியாது, ஆனால் சேருக்கு முன்னால் அடக்கத் தெரிந்தவருக்கு உங்களுக்கு முன்னாலும் அடக்கத் தெரியும் என்றார்.

—

அக்கா, எனக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. வீடியோக்காரர் சொல்வதுபோல அல்ல, முறையாகப் பரிசோதித்துச் சொன்னது. வீட்டுக்காரர் போன் எடுக்கப் பிந்தினாலே என்னை விட்டுட்டுப் போய்விட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், கோபமும் வரும், அது பெரும்பாலும் என் மேலேயே திரும்பும். மனநோய்களைக் கண்டறிய வைத்தியர்கள் பார்க்கும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் நாசிசக் கோளாறுக்கு 9 அறிகுறிகள், 5 இருந்தால்தான் கணக்கு, அதில் அடிப்பது ஒன்றாகக்கூட இல்லை. சமூகவிரோத ஆளுமைக் கோளாறில் சண்டை, அடிதடி வருகிறதுதான், ஆனால் அதற்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், 15க்கு முன்பே நடத்தைப் பிரச்சினை தொடங்கியிருக்க வேண்டும். அடிக்கிற ஆளுக்கெல்லாம் எங்கள் நோயின் பெயரை ஒட்டாதீர்கள், ப்ளீஸ். எங்களுக்கென்றே டிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹான், தானும் இளம் வயதில் மனநல ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்று 2011இல் வெளிப்படையாகவே சொன்னார்.

—

கிண்ணியா. ராத்தா, அதாவது என் அக்காவுடைய விஷயத்தில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சுத்தான், மச்சானுக்கு மண்டைக் கோளாறா, செய்வினையா, கிளினிக்கா, ஓதிப் பார்ப்பதா என்று பெரியவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள், ராத்தாவின் கன்னம் வீங்கியிருந்ததை யாரும் பேசவில்லை. நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் அவருக்கு என்ன நோய் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, பாரதூரமான மனரீதியான கொடுமையும் அடங்கும். முதலில் 14 நாள் வரை இடைக்காலக் கட்டளை, விசாரித்தபின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அதற்கு முன் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மச்சான் இப்போது ஒழுங்காகக் கிளினிக் போகிறார், சந்தோசம். ராத்தாவிடம் எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்டால், "அவர் போய் வரட்டும், நான் உம்மா வீட்டில இருந்தே பாக்கன்" என்கிறா.