பேப்பர் சட்டி நாற்று: மூன்றாவது லோரோங் (சந்து) குழு, சுங்கை சிப்புட்

சரசு: வணக்கம். படத்தைப் பாருங்கள், பழைய செய்தித்தாளைச் சுற்றிச் செய்த பேப்பர் சட்டியோடு நட்ட கத்தரி நாற்று எட்டில் ஐந்து வாடிவிட்டது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். மண்ணுக்குள் மக்கிவிடும் என்றீர்களே மாமா, மூன்று வாரமாகியும் பேப்பர் அப்படியே இருக்கிறது. மனசே ஆறவில்லை.

நர்சரி மாமா: வாடியதில் ஒன்றைப் பிடுங்கி, சட்டியைப் பிரித்து வேரைப் படம் எடுத்துப் போடும்மா.

சரசு: (படம்) வேர் வெளியே வரவே இல்லை, உள்ளேயே நூல்கண்டு மாதிரி சுற்றிக்கிடக்கிறது. பேப்பர் அட்டை போல விறைத்திருக்கிறது.

நர்சரி மாமா: விளிம்பைப் பார், மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கிறது. வெயிலும் காற்றும் படுகிற அந்த விளிம்பு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளே இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்து ஆவியாக்கிவிடும், நீ எத்தனை தடவை ஊற்றினாலும் சட்டி காய்ந்துகொண்டேதான் இருக்கும். காய்ந்த பேப்பரை வேர் துளைக்காது. ஊறிய பேப்பரை விரலே துளைக்கும். எத்தனை சுற்று சுற்றினாய்?

சரசு: ஐந்து, ஆறு இருக்கும். பிரிந்துவிடுமோ என்று பயந்தேன்.

நர்சரி மாமா: இரண்டு மூன்று போதும். பால் டின்னில் சுற்றி, அடியை மடித்து, தரையில் ஓர் அழுத்து, அவ்வளவுதான். நடுவதற்கு முன் சட்டியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, விளிம்பைக் கிழித்துவிட்டு முழுசாகப் புதைக்க வேண்டும். மீதி மூன்றுக்கு இப்போதே விளிம்பைக் கிழி.

கடைசி வீட்டுத் தம்பி: மாமா, என் சட்டியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது, தூக்கிப் போட்டுவிடவா?

நர்சரி மாமா: வேண்டாம் தம்பி. அது பேப்பரைத் தின்கிற பூஞ்சை, காற்று படுகிற மாதிரி தள்ளித் தள்ளி வை, தண்ணீரைக் குறை. தண்டின் அடி கறுத்து நூலாகச் சுருங்கிச் சாய்ந்தால்தான் நாற்றழுகல், அந்த ஒன்றை மட்டும் உடனே எடுத்துவிடு. இலை மஞ்சளித்தாலும் சொல், பேப்பர் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மக்கிய ஆட்டுச் சாணம் ஒரு பிடி போட்டால் சரியாகும்.

கடைசி வீட்டுத் தம்பி: முட்டை அட்டை ஆகுமா?

நர்சரி மாமா: கீரைக்கு ஆகும். வெண்டை, பயற்றங்காய்க்கு ஆழம் பத்தாது, அதற்கு டிஷ்யூ சுற்றி வருகிற அட்டை உருளைதான், அடியில் நாலு வெட்டு வெட்டி மடித்துக்கொள். பளபளக்கிற விளம்பரத் தாளும் கடை ரசீதும் வேண்டவே வேண்டாம், ரசீதில் சூடு பட்டால் கறுக்கிற ரசாயனம் பூசியிருக்கும்.

பெரியம்மா: பாலிபேக், அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பை வாங்கினால் இவ்வளவு வேலை இல்லையே தம்பி?

நர்சரி மாமா: அக்கா, நான் செம்பனை நாற்றங்காலில் வேலை செய்தவன். சின்னப் பையில் மூன்று மாதம், அப்புறம் பெரிய பை, நடும்போது கத்தியால் கிழிப்போம், சில நேரம் மண் உதிர்ந்து வேர் அறுந்துபோகும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கிழித்த கறுப்புப் பிளாஸ்டிக் அங்கங்கே கிடக்கும். இன்றைக்கும் பழைய லயன் வீடுகள் பக்கம் கொத்தினால் மண்வெட்டியில் மாட்டுகிறது. பேப்பரில் அது இல்லை, வேரைத் தொடாமலே நட்டுவிடலாம்.

பெரியம்மா: அதுவும் சரிதான். பழைய பேப்பர் லோரிக்குப் போட ஒரு கட்டு வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பெரியப்பா கட்டி வைத்த தமிழ் நேசன் பத்திரிகையைத் தொடாதீர்கள், 2019-இல் அது நின்றுபோனதோடு சரி, எனக்கு வேறு கிடைக்காது.

சரசு: தொடமாட்டோம் பெரியம்மா. மாமா, மூன்றுக்கும் விளிம்பைக் கிழித்து நன்றாக நனைத்துவிட்டேன். ஒன்றில் வெள்ளை வேர் நுனி ஒன்று பேப்பரைத் துளைத்து எட்டிப் பார்க்கிறது! (படம்)

நர்சரி மாமா: பிழைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை புது விதை போடலாம், பால் டின் எடுத்து வா.