மருந்து வலை கழுவின தண்ணியால ஆத்து மீன் சாகுமா? பீக்கர்ல பார்த்ததை வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க

பூச்சிப்பார்வை:
நேத்து இங்க ஒரு தங்கச்சி இன்டர்ன்ஷிப் முடிச்சுட்டு வந்து எழுதினதைப் படிச்சேன். "மருந்து ஏத்தின கொசுவலை சுற்றுச்சூழலுக்கு விஷம், வலை கழுவின தண்ணி ஒண்ணே போதும் நீர்நிலையைக் காலி பண்ண, ஆய்வகத்துல கண்ணால பார்த்தோம்"னு முடிச்சிருந்தாங்க. அதுக்கு ஆளாளுக்கு சபாஷ் வேற. எரிச்சல் தாங்காமத்தான் தனியா எழுதறேன். 2000லேர்ந்து 2015க்குள்ள ஆப்பிரிக்காவுல சுமார் 66 கோடி மலேரியா பாதிப்பு தடுக்கப்பட்டிருக்குன்னும் அதுல மூணுல ரெண்டு பங்கு இந்த வலையாலதான்னும் கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. அந்த வலையைப் போய் விஷம்னு ஒரே வார்த்தையில முடிச்சா, படிக்கிற அம்மா யாராவது பிள்ளை மேல கட்டின வலையைக் கழட்டினா யார் பதில் சொல்றது? பீக்கர் வேற, ஆறு வேற. முதல்ல அதைப் புரிஞ்சுக்கோங்க.

நீர்த்தெள்ளு:
அந்தப் பதிவு என்னுதுதான். வலையைக் கழட்டுங்கன்னு நான் எங்கயும் எழுதல, கழுவின தண்ணியைப் பத்தி மட்டும்தான் எழுதினேன். நாங்க பண்ணது இதுதான். வலையை 25க்கு 25 சென்டிமீட்டர் துண்டா வெட்டி, அரை லிட்டர் தண்ணியில லிட்டருக்கு 2 கிராம் சோப்பு கரைச்சு, 30 டிகிரியில பத்து நிமிஷம் குலுக்கி, அப்புறம் ரெண்டு தடவை அலசணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கழுவும் முறை அதுதான். வழக்கமா அந்தத் தண்ணியைக் கீழ கொட்டிட்டு துண்டை மட்டும் எடுத்து கொசு விட்டுப் பார்ப்பாங்க. நான் அந்தத் தண்ணியை எடுத்து வெச்சு, நல்லா நீர்த்துப்போக வெச்சு, அதுல டாஃப்னியாவை, அதாவது தண்ணியில வாழற பொடி ஓட்டுயிரியை விட்டேன். முதல்ல ஒரு பக்கமா சாஞ்சு சுத்துச்சுங்க, அப்புறம் அடியில போய் கால் மட்டும் துடிச்சுட்டு கிடந்துச்சுங்க, மறுநாள் காலைல ஒண்ணுகூட நீந்தல. சோப்புத் தண்ணி மட்டும் ஊத்தின பாத்திரத்துல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இதுல என்ன தப்பு?

பூச்சிப்பார்வை:
தப்பே அதுதானே. பீக்கர்ல பார்த்தீங்க, ஆத்துல பார்க்கல. டெல்டாமெத்ரின்ங்கற பூச்சிமருந்து ஏத்தின வலையில ஒரு சதுர மீட்டருக்கு 55 மில்லிகிராம்தான் மருந்து, முழு வலையையும் சேர்த்தாக்கூட ஒரு கிராமைத் தொடாது. அதுவும் இழையோட ஒட்டி வெச்சிருக்கறது, இருபது தடவை கழுவினாலும் வேலை செய்யணும்னுதான் அப்படித் தயாரிக்கறாங்க, ஒரே கழுவுல எல்லாம் கரைஞ்சு போயிட்டா அப்புறம் மூணு வருஷம் எப்படி நிக்கும்? கரைஞ்சு வர்ற கொஞ்சமும் தண்ணியில மிதந்துட்டு இருக்காது, சேறு, இலைமக்கு எது கிடைக்குதோ அதுல போய் ஒட்டிக்கும். உங்க பீக்கர்ல சேறு இருந்துச்சா? இல்லல்ல? அப்ப அது ஆறு இல்ல.

நீர்த்தெள்ளு:
ஒரு கிராம்கூட இல்லன்னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. டெல்டாமெத்ரின் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தாலே சாகிற மீன் வகைங்க இருக்கு. ஒரு மில்லிகிராம் ஆயிரம் லிட்டர்ல கலந்தா லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், நீங்களே போட்டுப் பாருங்க. சின்னக் குட்டையில வரிசையா பத்துப் பேர் வலையை அலசினா என்ன ஆகும்? வலையோட கவர் மேலயே ஆறு குளத்துல கழுவாதீங்க, கழுவின தண்ணியை நீர்நிலை பக்கம் கொட்டாதீங்கன்னு போட்டிருக்கே, அது ஏன்?

பூச்சிப்பார்வை:
கவர்ல போட்டிருக்கறது முன்னெச்சரிக்கை. முன்னெச்சரிக்கை வேற, நிரூபணம் வேற. பீக்கரை விட்டு வெளிய வாங்க.

ஏரிக்கரை:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை முடிவு பண்ணிட்டுப் பேசினா நல்லா இருக்கும். "பாதிப்பு"ன்னு எதைச் சொல்றீங்க? ஒரு நாள் நாலு பூச்சி செத்து அடுத்த மாசம் திரும்ப வந்துட்டா அது பாதிப்பா, இல்ல அந்த இனமே அங்க இல்லாம போனாத்தான் பாதிப்பா? அது தெரியாம எவ்வளவு பேசினாலும்

கடைசி_பெஞ்ச்:
அதெல்லாம் இருக்கட்டும், இன்டர்ன்ஷிப்னு போனா ஆராய்ச்சி பண்ண விடறாங்களா உங்களை?? என்னை பீக்கர் கழுவவும் லேபிள் ஒட்டவும் மட்டும்தான் வெச்சாங்க, சம்பளமும் கிடையாது, கடைசில அறிக்கை வந்தப்ப நன்றி சொல்ற பக்கத்துலகூட என் பேர் இல்ல. நீர்த்தெள்ளு மேடம் நீங்க குடுத்து வெச்சவங்க

பூச்சிப்பார்வை:
அதைத்தான் நானும் கேக்கறேன். எத்தனை பாத்திரம் வெச்சீங்க, எத்தனை முறை திருப்பிப் பண்ணீங்க, மருந்து அளவை அளந்தீங்களா, இல்ல செத்ததைப் பார்த்துட்டு நேரா பதிவு போட வந்துட்டீங்களா? நான் வலை சோதனை ஆய்வகத்துல வருஷக்கணக்கா வேலை பார்த்தவன். கூம்பு மாதிரி பிளாஸ்டிக்ல அஞ்சு கொசுவை விட்டு வலை மேல மூணு நிமிஷம் வெச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு எத்தனை விழுந்துச்சு, 24 மணி நேரம் கழிச்சு எத்தனை செத்துச்சுன்னு எண்ணுவோம். திரும்பத் திரும்ப அதே வேலை, கண்ணு பூத்துப்போகும். அப்படி எண்ணினாத்தான் ஒரு வலையைப் பத்தி ஒரு வரி எழுத முடியும். நீங்க ஒரு தொகுதி டாஃப்னியாவைப் பார்த்துட்டு ஆத்துக்கே தீர்ப்பு எழுதறீங்க.

நீர்த்தெள்ளு:
என் கைடு கையெழுத்துப் போட்ட அறிக்கை சார் அது. திருப்பித் திருப்பிப் பண்ணாம யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. நீங்க வருஷக்கணக்கா கொசுவை எண்ணினீங்க சரி, அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா? ஆய்வகத்து சிங்க்ல ஊத்திட்டு வீட்டுக்குப் போனவங்கதானே?

பூச்சிப்பார்வை:
எங்க ஆய்வகத்துல கழிவுக்குன்னு தனிக் கேன் உண்டு. தெரியாததைப் பேசாதீங்க.

பழைய_ரேடியோ:
டிடிடிங்கற பூச்சிமருந்து வந்தப்பவும் இதே பாட்டுத்தான் பாடினாங்க, உயிரைக் காப்பாத்துது உயிரைக் காப்பாத்துதுன்னு. கடைசில என்ன ஆச்சு? கழுகு முட்டை ஓடு மெலிஞ்சு போச்சு, 2001ல ஸ்டாக்ஹோம்ல உட்கார்ந்து உலகமே கட்டுப்பாடு போட வேண்டி வந்துச்சு. இப்ப வலையில தடவிக் குடுக்கறாங்க, பேர் மட்டும் மாறியிருக்கு.

பூச்சிப்பார்வை:
ஐயா, வலையில டிடிடி கிடையாது. வலையில இருக்கறது பைரித்ராய்டு வகை மருந்து, டெல்டாமெத்ரினும் அதுல ஒண்ணுதான், செவ்வந்திப் பூ வகையில கிடைக்கிற பைரித்ரினைப் பார்த்து உருவாக்கினது. வேதியியலாளர் மைக்கேல் எலியட்டும் அவர் கூட இருந்தவங்களும் 1973ல அதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரினை வெளிய கொண்டு வந்தாங்க. டிடிடி கொழுப்புல தங்கிக் காலத்துக்கும் நிக்கும், பைரித்ராய்டை நம்ம உடம்பு உடைச்சு வெளியேத்திடும். டிடிடியை வீட்டுச் சுவர்ல அடிக்க இன்னும் விதிவிலக்கு இருக்குங்கறதும் உங்களுக்குத் தெரியணும். போன தடவை கொசுவர்த்திச் சுருள் புகை விவாதத்துலயும் நீங்க இப்படித்தான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினீங்க, நான் ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னப்ப காணாம போயிட்டீங்க.

பழைய_ரேடியோ:
நான் எங்கயும் போகல, எனக்கு வேலை இருந்துச்சு. சுருள் விவாதத்துல நான் சொன்னது சரிதான், இப்பவும் சரிதான்.

நீர்த்தெள்ளு:
நம்ம உடம்பு உடைச்சிடும், மீன் உடம்பு அவ்வளவு வேகமா உடைக்காது. சார் அந்தப் பாதியை மட்டும் சொல்லாம விட்டுட்டார். பைரித்ராய்டு நரம்புல சோடியம் உள்ள போற வாசலை மூட விடாது, கொசுவுக்கும் அதேதான் மீனுக்கும் அதேதான். சேத்துல ஒட்டிக்கும்னு சொன்னீங்களே, சேத்துல உயிர் இல்லையா? கலிஃபோர்னியாவுல ஊருக்குள்ள ஓடற ஓடைங்கள்ல அடிச்சேத்தை எடுத்துப் பார்த்தப்ப பைரித்ராய்டால சின்ன ஓட்டுயிரிங்க சாகறது தெரிஞ்சுச்சு. தண்ணி தெளிவாத்தான் ஓடிச்சு, சேத்துலதான் சாவு இருந்துச்சு.

பூச்சிப்பார்வை:
அது கொசுவலையிலேர்ந்து வந்ததா? வீட்டைச் சுத்தி, தோட்டத்தைச் சுத்தி அடிச்ச மருந்து மழையில அடிச்சுட்டுப் போனது. வயல்ல ஹெக்டேர் கணக்குல அடிக்கறதைக் கேக்க ஆளில்ல, பிள்ளை தூங்கற வலை மட்டும் கண்ணுல படுது. பீக்கர், இல்லன்னா கலிஃபோர்னியா. வலை கழுவின ஆறு எங்க?

ஏரிக்கரை:
வலையை ஆத்துல கழுவறது இல்ல, ஆத்துலயே போட்டு மீன் பிடிக்கறதுதான் பெரிய பிரச்சனைன்னு நினைக்கறேன். ஆப்பிரிக்காவுல டாங்கனிக்கா ஏரிக்கரை ஊருங்கள்ல கேட்டுப் பார்த்து 2014ல வந்த ஆய்வுல பத்துல எட்டு வீட்டுக்கு மேல கொசுவலையால மீன் பிடிச்சிருக்காங்க. கண்ணி அவ்வளவு சின்னதா இருந்தா குஞ்சு கூடத் தப்பாது. பசிக்குப் பிடிக்கறவங்களைக் குத்தம் சொல்லவும் மனசு வரல.

நீர்த்தெள்ளு:
பார்த்தீங்களா, வலை முழுசா தண்ணியிலதான் கிடக்குது!

பூச்சிப்பார்வை:
அவர் சொன்னது கண்ணியைப் பத்தி, மருந்தைப் பத்தி இல்ல. குஞ்சு மீன் மாட்டினது விஷத்தாலயா? வலையாலதானே? நீங்க எதையும் பீக்கருக்குள்ள இழுத்துட்டுப் போறீங்க.

கடைசி_பெஞ்ச்:
பழைய வலையை என்ன பண்றதுன்னு உங்க அறிக்கையில இருக்கா மேடம்? நான் போன இடத்துல பின்பக்கம் குவிச்சு எரிச்சாங்க, அந்தப் புகை நெஞ்சுலயே நின்னுச்சு, சொல்லப்போனா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களோன்னு பயந்து பேசாம இருந்தேன்

நீர்த்தெள்ளு:
திறந்தவெளியில எரிக்கவே கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. எரிச்சா உயர்வெப்ப உலையில எரிக்கணும், இல்லன்னா தண்ணிக்குத் தள்ளி, நீர் இறங்காத மண்ணுல புதைக்கணும். தண்ணிக்குத் தள்ளின்னு ஏன் சொல்றாங்கன்னு பூச்சிப்பார்வை சார்தான் விளக்கணும்.

பூச்சிப்பார்வை:
புதைக்கற இடத்துல கிணறு இருக்கக்கூடாதுன்னு சொல்றதும் வலை கழுவினா ஆறு சாகும்னு சொல்றதும் ஒண்ணா? புது வலை கைக்கு வராம பழசைப் பிடுங்காதீங்கன்னும் அதே வழிகாட்டுதல்ல இருக்கு, அதை ஏன் சொல்லல? ஏன்னா அதுல உயிர் முக்கியம்னு இருக்கு. கொசுவுக்கு எதிர்ப்பு வந்து பைரித்ராய்டே திணறுது, 2023ல குளோர்ஃபெனாபிர்ங்கற வேற வகை மருந்தும் சேர்த்த வலைக்குப் பரிந்துரை வந்திருக்கு, வேலை தலைக்கு மேல கிடக்கு, இங்க டாஃப்னியா பேச்சு.

பழைய_ரேடியோ:
அந்த குளோர்ஃபெனாபிருக்குத்தான் பறவைங்களுக்கு ஆகாதுன்னு அமெரிக்காவுல பருத்திக்கு அனுமதி குடுக்கல. நான் சொன்னா கலக்கறேன்னு சொல்லுவார்.

பூச்சிப்பார்வை:
பருத்திக்காட்டுல தெளிக்கறதும் வீட்டுக்குள்ள வலையில இருக்கறதும் ஒண்ணா ஐயா? கலக்கறீங்கன்னுதான் சொல்லுவேன். தங்கச்சி, கடைசியா ஒண்ணு, உங்க சோப்புத் தண்ணியோட காரத்தன்மை என்ன? 10, 11 பிஎச்ல பைரித்ராய்டு தானா உடைய ஆரம்பிச்சிடும். அதை அளந்தீங்களா?

நீர்த்தெள்ளு:
அளந்தோம். உடைஞ்சும் செத்துச்சுங்கன்னா அதுக்கு என்ன சொல்றீங்க?

பூச்சிப்பார்வை:
எவ்வளவு உடைஞ்சுதுன்னு அளந்தீங்களான்னு கேட்டேன். பிஎச் அளந்ததை யார் கேட்டா?