மறு: ‘கிரிட்டிகல் அப்ரைசல்’ – ‘விமர்சன மதிப்பீடு’ வேண்டாம், ‘நோட்டம்’ இருக்கிறதே

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘கிரிட்டிகல் அப்ரைசல்’, அதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையை எவ்வளவு நம்பலாம் என்று சோதித்துப் பார்ப்பது. நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு என்ன தமிழ் போடுவது என்று மூன்று நாளாக தேவகோட்டை அண்ணனும் பள்ளத்தூர் ஆச்சியும் மல்லுக்கட்டுவதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். காரைக்குடியில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீடு வர ராத்திரி ஒன்பதரை ஆகிவிடுகிறது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது எனக்கே அவசரம். பிசியோதெரபி முடித்து வரும் பிள்ளைகளுக்காக, கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, திருப்பிச் செய்யும் வைத்தியம்) பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். யூடியூபில் கழுத்தைத் திருப்பி ‘டக்’கென்று சத்தம் வரவைக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எடுத்து விடுங்க’ என்று வாரத்துக்கு ரெண்டு பேராவது வருகிறார்கள். (அந்தச் சத்தம் மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்ததற்கு அது அத்தாட்சி இல்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்.)

> விமர்சன மதிப்பீடு என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

அண்ணே, அங்கேதான் வம்பு. விமர்சனம் என்றதும் பிள்ளைகளுக்குப் பட விமர்சனம்தான் ஞாபகம் வருகிறது. ஒரு கட்டுரையைக் கொடுத்து ‘விமர்சன மதிப்பீடு செய்’ என்றேன், ஒரு பெண் பக்கம் முழுக்கக் குறை எழுதிக்கொண்டு வந்தது, நல்லது எதுவுமே கண்ணில் படவில்லை. குறை சொல்வது வேறு, தரம் பார்ப்பது வேறு.

> ‘மாற்றுப் பார்த்தல்’ எப்படி? பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பதுபோல.

ஆச்சி, படித்தவுடன் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் நாம் பேசுவது கைரோபிராக்டிக் பற்றி. அதைப் பாதிப் பேர் ‘மாற்று மருத்துவம்’ என்கிறார்கள். ‘மாற்று மருத்துவத்தில் மாற்றுப் பார்த்தல்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். வேறு துறையாக இருந்தால் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

‘சலித்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆய்வுக் கட்டுரை படித்தால் சலிப்பு வருவது உண்மைதான், அதற்காக அதையே பெயராக வைக்க வேண்டாம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். நோட்டம். எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். முதல் வருஷம் அவருக்குக் கணக்கு எழுதும் வேலை இல்லையாம், வந்த காசைப் பார்க்கிற வேலைதானாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்டனூர் வீட்டு வளவில் உட்கார்ந்து செய்து காட்டுவார். வெள்ளி ரூபாயைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டுவார், அது மேலே போய்த் திரும்பி விழும் வரை தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் கொடுப்பார். அப்புறம் விரலால் விளிம்பைச் சுற்றித் தடவுவார், சுரண்டியிருக்கிறார்களா என்று. ‘ராணி தலையைப் பார்த்து எடுக்காதே, ராணி தலை கள்ளக் காசிலும் இருக்கும்’ என்பார். இதற்குத்தான் அந்தக் காலத்தில் நோட்டம் பார்ப்பது என்று பெயர், பார்ப்பவர் நோட்டக்காரர். நாணயத்தைச் சோதிப்பது என்ற பொருள் அகராதிகளில் இன்னும் இருக்கிறது.

கிரிட்டிகல் அப்ரைசல் அப்படியே இந்த வேலைதான். கட்டுரை வெளிவந்த பத்திரிகையின் பெயர்தான் ராணி தலை. அதைத் தாண்டி மூன்று கேள்வி: உலோகம் சரியா, எடை எவ்வளவு, நம் கடைத்தெருவில் செல்லுமா.

உலோகம் என்றால் ஆய்வு செய்த முறை. 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி. டி. பால்மர், காது சரியாகக் கேட்காத ஒருவரின் முதுகெலும்பை அழுத்திவிட்டுக் கேட்க வைத்துவிட்டதாகச் சொன்னதில்தான் கைரோபிராக்டிக் தொடங்குகிறது. ஒரே ஒரு ஆள், ஒப்பிட யாரும் இல்லை. நம் ஊரில் காலை முன்னால் நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு போகும் என்பார்கள், எங்கள் அப்பத்தாவுக்குப் போனது. அப்பத்தா மிதிபடாமல் இருந்திருந்தாலும் அந்த வாரம் போயிருக்குமா என்பதுதான் கேள்வி, முதுகுவலியில் பெரும்பகுதி சில வாரத்தில் தானே தணியும். அதனால்தான் ஆட்களைக் குலுக்கல்போல இரு பக்கமாகப் பிரித்துச் செய்யும் சோதனை தேவைப்படுகிறது. கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சையில் இன்னொரு சிக்கல்: மாத்திரையில் போலி கொடுத்து மறைத்துவிடலாம், முதுகை அழுத்துகிறவருக்குத் தான் நிஜமாக அழுத்துகிறோமா பாவனை செய்கிறோமா என்று தெரியாமல் எப்படி வைப்பது? பிசியோதெரபிச் சோதனைகளுக்கு மதிப்பெண் போடும் பெட்ரோ அளவுகோலில் மொத்தம் பத்து மதிப்பெண், செய்பவருக்கும் செய்துகொள்பவருக்கும் மறைத்தார்களா என்பதற்கு மட்டும் இரண்டு. அதனால் இந்த மாதிரிச் சிகிச்சையில் நல்ல சோதனைகூடப் பெரும்பாலும் எட்டில் நின்றுவிடுகிறது. இதைத் தெரியாமல் ‘எட்டுதானா’ என்று ஒதுக்குபவர் நோட்டக்காரர் இல்லை.

எடை என்றால் கிடைத்த பலனின் அளவு. ஒரு எடுத்துக்காட்டு. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை பற்றி 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு (பல சோதனைகளின் முடிவைச் சேர்த்துக் கணக்கிடுவது) வந்தது, 47 சோதனைகள், 9211 பேர். மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளால் எவ்வளவு வலி குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் இதிலும் குறைகிறது என்று முடிந்தது. இதையே ஒரு விளம்பரம் ‘பலன் நிரூபணம்’ என்று போடலாம், எதிராளி ‘விசேஷம் ஒன்றுமில்லை’ என்று போடலாம், இரண்டுமே பொய் இல்லை. இன்னொரு வகைக் கட்டுரையும் வரும், ‘புள்ளியியல்படி வேறுபாடு உறுதி’ என்று. எவ்வளவு வேறுபாடு என்று பார்த்தால் நூறு புள்ளி வலி அளவுகோலில் மூன்றோ நாலோ. முள் அசைந்தது நிஜம்தான், குண்டுமணி அளவு தங்கம் கூடியதும் நிஜம்தான், அதை வைத்துக் கழுத்திரு (எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் போடும் கனமான தங்க நகை) செய்ய முடியுமா?

செல்லுமா என்பதுதான் பிள்ளைகள் மறந்துபோகிற கேள்வி. ஆத்தங்குடியில் நாள் முழுக்கக் குனிந்து தரைக்கல் போடுகிறவர் முதுகும், எலும்பு மெலிந்துபோன எழுபது வயது ஆச்சியின் முதுகும் அந்தக் கட்டுரையில் இருந்தவர்கள் முதுகும் ஒன்றா? எலும்புப்புரை உள்ளவருக்கு முதுகெலும்பை வேகமாகத் தள்ளும் அந்தச் சிகிச்சையே கூடாது. கட்டுரை அசல் வெள்ளியாக இருக்கட்டும், இந்த ஆளிடம் செல்லாது.

‘கண்ணோட்டம்’ என்பதோடு குழம்பாதா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அது கண் + ஓட்டம், இதில் இருப்பது நோட்டம். பழைய பொருளில் கண்ணோட்டம் என்றால் தாட்சண்யம். நோட்டத்தில் அதுதான் ஆகாது.

*

பள்ளத்தூரிலிருந்து:

தம்பி, மாற்றை விட்டுக்கொடுத்துவிட்டேன். மாற்று மருத்துவம் எனக்குத் தோன்றவே இல்லை, சிரித்துவிட்டேன். ஆனால் இன்றைக்கு ‘நோட்டம் விடுகிறான்’ என்றால் திருடன் வீட்டைச் சுற்றி வருகிறான் என்றுதானே அர்த்தம்? எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் நிலைக்கதவையும் தூணையும் கழற்ற வருகிறவர்களை அப்படித்தான் சொல்கிறோம். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா?

*

ஆச்சி, நீங்கள் சொன்னது நியாயம். இரண்டு நாள் யோசித்தேன், கிளினிக்கில் நாலு பேரிடம் கேட்டும் பார்த்தேன். ‘விடுதல்’ என்ற வினைதான் திருடனுக்குச் சொந்தம், ‘பார்த்தல்’ காசுக்காரனுக்கு. அதனால் வினையையும் சேர்த்தே பதிவு செய்துவிடலாம், முன்னால் ‘சான்று’ போட்டால் இன்னும் தெளிவு. அண்ணன் மறுக்காவிட்டால் பட்டியலில் இப்படிப் போடுங்கள்:

சான்று நோட்டம் (பெ.) – ஓர் ஆய்வின் முறை நம்பத்தக்கதா, கிடைத்த பலன் எவ்வளவு, முன்னால் இருக்கும் நோயாளிக்குப் பொருந்துமா என்று வரிசையாகச் சோதிப்பது. வினை: நோட்டம் பார். செய்பவர்: நோட்டக்காரர்.

அப்புறம் அண்ணன் தனி மடலில் மெட்டா அனாலிசிஸுக்கு (மேலே தொகுப்பாய்வு என்று எழுதினேனே, அது) ‘ஐந்தொகை’ (கடைக் கணக்கை முடித்து எடுக்கும் இருப்புநிலைக் கணக்கு) என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐந்தொகையில் பற்றும் வரவும் சரியாக நிற்க வேண்டும், அந்த 47 சோதனையும் அப்படி ஒன்றோடொன்று நிற்கவில்லை. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.