வைத்தியலிங்கம் தாத்தா தேடல் குழு

அருண் அண்ணா: கிடைத்துவிட்டார்! நான் அனுப்பிய பழைய பேப்பர் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாவது பத்தி, நீதிமன்றச் செய்தி. "சாட்சி வைதலிங்கம், அச்சுக்கோப்பவர், எண் 14" என்று போட்டு நம் தெருப் பெயரும் இருக்கிறது.

கோமதி அத்தை: வைதலிங்கமா? எங்கள் தாத்தா வைத்தியலிங்கம். இது வேறு யாரோ.

அருண் அண்ணா: ஆங்கிலப் பேப்பர் அத்தை. நிருபர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படித்தபோது இன்னும் இரண்டு எழுத்து போய்விட்டது. பெயரை எப்படி அடித்தாலும் வரவில்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டுத் தெருவையும் 14ஐயும் சேர்த்துத் தேடினேன். வந்து நின்றார்.

சுந்தர் சித்தப்பா: சபாஷ். நான் தமிழ்ப் பேப்பரில் தெருப் பெயர் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லையே.

மீனா: தெருப் பெயரில் 'லை' இருக்கிறதே சித்தப்பா. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்துத்தான் அச்சாகும். மென்பொருள் அதை வேறு எழுத்தாகப் படித்துவிடும். பெயரின் மற்ற பாதியை மட்டும் போட்டுத் தேடுங்கள். ஆஸ்திரேலிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் இந்த மாதிரிப் பிழைகளை வாசகர்களே திருத்தலாம். நாம் தேடும் தளத்தில் அந்த வசதி இல்லை.

சுந்தர் சித்தப்பா: பேப்பர் தேதி 3. ஆனால் திருட்டு நடந்தது 28 என்கிறார்கள். நடக்கப்போவதை முன்னாடியே எழுதிவிட்டார்களா? 😄

அருண் அண்ணா: 28க்குப் பக்கத்தில் 'அல்ட்.' என்று இருக்கிறது பாருங்கள். அப்படியென்றால் போன மாதம். இந்த மாதம் என்றால் 'இன்ஸ்ட்.' என்று போடுவார்கள்.

கோமதி அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். அச்சுக்கோப்பவர் என்று ஏன் போட்டிருக்கிறான்? அச்சகமே தாத்தாவுடையது. அந்த வீடும்தான்.

அருண் அண்ணா: அந்தக் கால நகர டைரக்டரியிலும், அதாவது தெருவாரியாக வீட்டு எண்ணும் பெயரும் போட்ட புத்தகத்திலும், 14க்கு நேராக அவர் பெயர்தான் அத்தை.

கோமதி அத்தை: பார்த்தாயா!

மீனா: டைரக்டரியில் குடியிருப்பவர் பெயரைத்தான் போடுவார்கள் அத்தை. சொந்தக்காரர் யார் என்று தெரிய வரிப் பதிவேடோ பத்திரமோ வேண்டும்.

கோமதி அத்தை: அப்போது வாடகைக்கு இருந்தார் என்கிறாய். என் அம்மா பொய்யா சொன்னாள்?

சுந்தர் சித்தப்பா: அக்கா, யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கோமதி அத்தை: தாத்தா தவறிப்போன மறு வருஷ டைரக்டரியிலும் அவர் பெயர் இருக்கிறது என்று நேற்று அருணே போட்டான். அந்தப் புத்தகத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

மீனா: வீடு வீடாக விவரம் எடுத்து, அப்புறம்தானே அச்சடிப்பார்கள். புத்தகத்தின் மேல் இருக்கும் வருஷத்துக்கு முந்தைய வருஷ நிலவரம் அது.

சுந்தர் சித்தப்பா: சரி, நான் 14க்கு முன்னால் நின்று எடுத்த செல்பியைக் குழுவின் படமாக வைத்துவிடலாமா?

அருண் அண்ணா: வேண்டாம் சித்தப்பா, அது இப்போதைய 14. நடுவில் எண்களை மாற்றியிருக்கிறார்கள். ஒரு டைரக்டரியில் தாத்தா 14, பக்கத்து வீட்டு டாக்டர் 12. சில வருஷம் கழித்து வந்ததில் தாத்தா 31, அதே டாக்டர் 29. ஒருவர் எண் மட்டும் மாறினால் வீடு மாறினார் என்று நினைக்கலாம். தெருவே சேர்ந்து மாறினால் எண்தான் மாறியிருக்கிறது. டைரக்டரியில் குறுக்குத் தெரு எங்கே வருகிறது என்றும் குறித்திருப்பார்கள். முதல் குறுக்குத் தெரு தாண்டி இரண்டாவது வீடு நம்முடையது.

சுந்தர் சித்தப்பா: அங்கே இப்போது செல்போன் கடை. வாசலில் நின்று ரீசார்ஜ் கூட செய்திருக்கிறேன்!

கோமதி அத்தை: என் பெட்டியில் தாத்தா பெயருக்கு வந்த கவர் ஒன்று இருக்கிறது. முகவரியில் 14ம் இல்லை, 31ம் இல்லை. 22, வேறு தெரு.

அருண் அண்ணா: அத்தை!! இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை? தபால் முத்திரையில் தேதி தெரிகிறதா?

கோமதி அத்தை: ஸ்டாம்பை மீனா பையன் முத்திரையோடு கிழித்துக்கொண்டு போய்விட்டான்.

மீனா: 🙈

அருண் அண்ணா: கவரின் பின்பக்கம் பாருங்கள். போய்ச் சேர்ந்த தபால் நிலையமும் ஒரு முத்திரை குத்தும்.

கோமதி அத்தை: இருக்கிறது. கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்கிறேன். அந்த 22 சொந்த வீடு என்று வந்தால் எல்லோரும் இந்தக் குழுவிலேயே என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.