உதவித்தொகையை நம்பி முதல் வீடு வாங்கலாமா?

கேள்வி – தாழ்வாரம்

வணக்கம். முதுகுத்தண்டுக் காயத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மாதந்தோறும் வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகைதான் முதன்மை வருமானம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பதில் கிடைப்பது மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். வாடகை வீட்டில் குளியலறைக் கதவை அகலப்படுத்தவோ வாசலில் சாய்தளம் போடவோ உரிமையாளர் ஒப்புக்கொள்வதில்லை என்பதால், சிறியதாக ஒரு அடுக்ககக் குடியிருப்பையாவது வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். உதவித்தொகையை வருமானமாகக் கொண்டு கடன் தருவார்களா? வீடு வாங்கினால் உதவித்தொகை நின்றுவிடுமா? தன் பெயரில் வாங்கினால் கடன் எளிதாகக் கிடைக்கும், நான் அதில் குடியிருக்கலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். அது சரியான வழியா?

பதில் – தவணைக்காரன்

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட எத்தனை காலம் வரும் என்பதைத்தான் கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பார். எனவே உங்கள் உதவித்தொகை ஆணை நிரந்தரமானதா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு உட்பட்டதா என்று பாருங்கள். மறுபரிசோதனை கடன் காலத்துக்குள் வருமானால், நிலைமை மாற வாய்ப்பில்லை என்ற மருத்துவச் சான்றையும் தொகை தவறாமல் வரவான வங்கி அறிக்கைகளையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. கணக்கு எழுதும் வருமானத்தைக் கடன் கொடுப்பவர் கணக்கில் எடுத்தாலும், உங்கள் சொந்தக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். அது பழுதுபார்ப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் இருக்கட்டும்.

எவ்வளவு கடன் தருவார்கள் என்பதைவிட, வருமானம் வளராத நிலையில் எவ்வளவு தாங்கும் என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு லட்சத்தை 8 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 836. முதல் மாதத் தவணையில் 667 வட்டிக்கே போய்விடும். அதையே 30 ஆண்டுகளாக நீட்டினால் தவணை 734 ஆகக் குறையும், ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து 1,64,000 ஆக ஏறிவிடும். மாறும் வட்டியில் வாங்கி அது 9 விழுக்காட்டுக்குப் போனால், 20 ஆண்டுக் கடனின் தவணை 900 ஆகும். சம்பளக்காரருக்கு ஊதிய உயர்வு வந்து அந்த இடைவெளியை அடைக்கும். உதவித்தொகையோ விலைவாசி ஏறிய பிறகு மெதுவாகத்தான் ஏறும், சில ஆண்டுகள் ஏறவே ஏறாது. ஆகவே, சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கிடைக்குமானால் நிலை வட்டியையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். கடனோடு சேர்த்துக் காப்பீடு எடுக்கச் சொன்னால், ஏற்கனவே உள்ள உடல்நிலையை அது விலக்குகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். விலக்குமானால், கட்டும் கட்டணத்தில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாது.

பதில் – மேகலை

இரண்டாவது கேள்விக்கான விடை, உங்கள் உதவித்தொகை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. முன்பு வேலை செய்தபோது கட்டிய சந்தாவின் அடிப்படையில் வருவதாக இருந்தால், பொதுவாக வீடோ சேமிப்போ அதைப் பாதிக்காது. வறுமைநிலையைச் சோதித்துக் கொடுப்பதாக இருந்தால் நிலைமை வேறு. அங்கும்கூட, குடியிருக்கும் வீட்டைப் பல நாடுகளில் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிக்கல் அந்த வீட்டுக்காகச் சேர்த்து வைக்கும் முன்பணத்தில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் வறுமைநிலையைச் சோதித்துத் தரப்படும் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகையில் தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 1989 முதல் அப்படியே இருக்கிறது, ஆனால் அவர் குடியிருக்கும் வீடு அந்த வரம்புக்குள் வராது. வீடு வைத்திருக்கலாம், வீடு வாங்குவதற்கான பணத்தை வைத்திருக்கக் கூடாது என்ற இந்த விந்தையை வகுத்தவர்கள் ஒருநாளும் முன்பணம் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, சேமிப்பைத் தொடங்கும் முன்பே, வரம்பு எவ்வளவு, மாற்றுத்திறனாளிகளுக்கென விலக்களிக்கப்பட்ட சேமிப்புக் கணக்கோ அறக்கட்டளை ஏற்பாடோ உண்டா, உறவினர் அன்பளிப்பாகத் தரும் பணம் வருமானமாகக் கருதப்படுமா என்று உதவித்தொகை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். எனக்குச் சாளரத்தில் இருந்தவர் வாய்மொழியாக ஒன்று சொன்னார், பின்னர் வந்த கடிதத்தில் நேர்மாறாக இருந்தது; கடிதம் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

பதில் – கருங்கல்

அண்ணன் பெயரில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கடன் நெருக்கடி வந்தாலோ, மணமுறிவு நேர்ந்தாலோ, உங்களுக்கு முன் அவர் காலமானாலோ, அந்த வீடு அவருடைய சொத்தாகத்தான் பங்கிடப்படும். நீங்கள் கட்டிய தவணைகளுக்கு உங்களிடம் ஆவணம் எதுவும் இருக்காது. மாற்றுத்திறனாளிகள் சொத்து வைத்திருக்கவும், தங்கள் நிதி விவகாரங்களைத் தாங்களே நடத்தவும், வங்கிக் கடனும் அடமானக் கடனும் மற்றவர்களுக்கு இணையாகப் பெறவும் உரிமையுள்ளவர்கள் என்று 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு ஒப்புதல் அளித்த நாட்டில் நீங்கள் இருந்தால், ‘உடல்நிலை காரணமாகக் கடன் இல்லை’ என்று யாராவது சொல்லும்போது, அக்காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பதில் – மழைத்தூறல்

அடுக்ககம் என்று எழுதியிருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் உரிமையாளர் மறுத்ததை, சொந்தக் குடியிருப்பில் உரிமையாளர் சங்கம் மறுக்கலாம். உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது; நுழைவாயில் படிகளும் நடைபாதையும் எல்லோருக்கும் பொது. சாய்தளம் போட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே சங்கத்திடம் எழுதி வாங்குங்கள். பொதுவாகச் சொல்லும் 1-க்கு 12 சரிவில், 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் தேவைப்படும். அந்த இடம் வாசலில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பராமரிப்புக் கட்டணத்தையும் தவணையோடு கூட்டியே கணக்கிடுங்கள், ஏனெனில் கடன் தீர்ந்த பிறகும் அது தீராது.

வீடு பார்க்கப் போகும்போது அளவுநாடாவைக் கையில் வைத்திருங்கள். குளியலறைக் கதவைச் செங்குத்தாகத் திறந்து நிறுத்தி, திறந்த கதவின் முகப்பிலிருந்து எதிர்நிலை வரை அளக்க வேண்டும். நிலைக்கு நிலை அளந்தால் கதவின் தடிமன் மறைந்துவிடும், அந்தச் சில சென்டிமீட்டர்களில்தான் நாற்காலி சிக்கும். குறைந்தது 80 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கதவு உள்நோக்கித் திறக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே நீங்கள் விழுந்துவிட்டால் உங்கள் உடலே கதவுக்கு முட்டுக்கொடுத்து, வெளியிலிருந்து வருபவரைத் தடுத்துவிடும். வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றப் பெரிய செலவாகாது, ஆனால் திரும்ப 1.5 மீட்டர் இடம் இல்லாத அறையைப் பணத்தால் எளிதில் பெரிதாக்க முடியாது.

தாழ்வாரம்

அனைவருக்கும் நன்றி. ஆணையை எடுத்துப் பார்த்தேன்: நிரந்தரம் என்றே இருக்கிறது, ஆனால் வருமானச் சோதனை உண்டு, அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பேசிப் பார்த்ததில், இணைக் கடனாளியாக மட்டும் கையெழுத்திட அண்ணன் ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்தால் பத்திரத்திலும் அவர் பெயர் வருமா?

கருங்கல்

தானாக வராது. கடனுக்குப் பொறுப்பேற்பது வேறு, உரிமை வேறு. ஆனால் இணைக் கடனாளி உரிமையாளராகவும் இருக்க வேண்டும் என்று சில கடன் நிறுவனங்கள் வற்புறுத்துவதுண்டு. அப்படிக் கேட்டால், அவர் பங்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பத்திரத்தில் குறிப்பிடச் செய்யுங்கள், குறிப்பிடாவிட்டால் சரிபாதி என்று எடுத்துக்கொள்ளப்படும் வாய்ப்பு உண்டு. தவணை முழுவதும் உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.