மொபைலில் முதல் திரை: படம் தாமதம், தலைப்பு குதிக்கிறது. எங்கிருந்து சரிசெய்வது?

இழைப்புளி:
அளவு சொன்னால் மர அலமாரி, மேசை செய்து தரும் ஒரு பட்டறைக்கான வெப்சைட், முடியும் கட்டத்தில் இருக்கிறது. லேப்டாப்பில் பளிச்சென்று தெரிகிறது. மொபைலில் முதலில் வெறும் வெள்ளை, நாலைந்து நொடி கழித்துப் படம், அதன்பின் தலைப்பு ஒரு வரி கீழே குதிக்கிறது. மேலே ஐந்து படம் ஓடும் ஸ்லைடர். எல்லாம் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) பேக்ரவுண்ட், ஒவ்வொன்றும் 800 கேபி ஜேபெக். தலைப்பு "கனவுகளுக்கு வடிவம் தருகிறோம்", கீழே "மேலும் அறிய" பட்டன். வருகிறவர்கள் முதல் பார்வையிலேயே நின்று பார்க்க வேண்டும். எதை முதலில் தொடுவது?

நிரல்வண்டு:
ஸ்லைடரை. ஐஎம்ஜி டேகில் (பக்கத்தின் மூலக் கோப்பான ஹெச்டிஎம்எல்லில் படம் வைக்கும் குறி) இருக்கும் படத்தை, ஹெச்டிஎம்எல்லைப் படிக்கும்போதே பிரௌசர் கண்டுபிடித்து இறக்க ஆரம்பித்துவிடும். பேக்ரவுண்ட் படம் இருப்பதே சிஎஸ்எஸ் இறங்கிய பிறகுதான் அதற்குத் தெரியும். ஸ்லைடர் என்றால் ஜாவாஸ்கிரிப்டும் ஓடி முடிக்க வேண்டும். உங்கள் வெள்ளைத் திரைக்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம்.

ஒரே ஒரு படம் வையுங்கள், ஐஎம்ஜி டேகில். 480, 800, 1200, 1600 பிக்சல் அகலத்தில் நான்கு வெப்பி வகைப் படக் கோப்புகள், தரம் 75. அவற்றை டேகின் எஸ்ஆர்சி-செட்டில் கொடுங்கள், திரைக்குத் தக்கதைப் பிரௌசரே எடுத்துக்கொள்ளும். மொபைலுக்குப் போகும் கோப்பு 100 கேபியைத் தாண்டாமல் பாருங்கள். அகலம், உயரம் இரண்டையும் டேகிலேயே எழுதினால் படம் வருமுன்பே இடம் ஒதுக்கப்படும். இதை முந்தி இறக்கச் சொல்ல, ஃபெட்ச் ப்ரயாரிட்டி "ஹை".

பலர் சறுக்கும் இடம் லேஸி லோடிங், அதாவது படம் திரைக்கு அருகில் வரும்போதுதான் இறக்குவது. ப்ளகின் எல்லாப் படத்துக்கும் அதைப் போட்டுவிடும், முதல் படம் உட்பட. அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டாயம் நீக்குங்கள். மற்ற நான்கு படங்களும் கீழே வரிசையாக இருக்கட்டும், அவற்றுக்கு லேஸி சரிதான்.

குரோம் டெவ்டூல்ஸில் (பிரௌசரிலேயே உள்ள சோதனைக் கருவி) கேஷை, அதாவது முன்பு சேமித்த கோப்புகளைப் பயன்படுத்துவதை, அணைத்து, ஸ்லோ 4ஜி வைத்துச் சோதியுங்கள். எல்சிபி (திரையின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் குதிக்கும் அளவு) 0.1க்குள் வர வேண்டும்.

நெய்தல்:
வேகம் சரியானாலும் அந்தத் தலைப்பு யாரையும் நிறுத்தாதுங்க. "கனவுகளுக்கு வடிவம்" என்பதைத் திருமண மண்டபமும் போடலாம், வங்கியும் போடலாம். "உங்கள் அறையின் அளவுக்கு மர அலமாரி, மேசை செய்து தருகிறோம்" என்று நேராகச் சொல்லுங்க. பட்டனில் "அளவெடுக்க நாள் குறிக்க". அழுத்தினால் என்ன நடக்கும்னு பட்டனே சொல்லணும். விஷயம் தெரியாத ஒருவரிடம் அந்தத் திரையை 5 நொடி காட்டி மறைத்துவிட்டு, இது என்ன கடைன்னு கேளுங்க. அவர் தடுமாறினால் குறை வாசகத்தில்தான்.

படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைப்பதாக இருந்தால் ஒரு கணக்கு. சிறிய எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 4.5க்கு 1 தேவை. படத்தின் வெள்ளைப் பகுதி மேல் 50% கறுப்புத் திரை போட்டால் 3.95தான் வரும், போதாது. 60% போட்டால் 5.7 கிடைக்கும். அவ்வளவு இருட்டினால் மரத்தின் ரேகையே தெரியாமல் போகும், அதைக் காட்டத்தானே படம்? எழுத்தைப் படத்துக்குக் கீழே தனியாக வைப்பதே என் பரிந்துரை.

முதல் பகுதியின் உயரம் 100விஹெச் (முழுத் திரை உயரம்) கொடுத்திருந்தால், மொபைலில் அட்ரஸ் பாரும் இடம் பிடிப்பதால் பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அட்ரஸ் பார் போக மிஞ்சும் உயரமான 100எஸ்விஹெச் போடுங்க.

இழைப்புளி:
படத்தையும் தலைப்பையும் மாற்றியாயிற்று. எல்சிபி 2.1 நொடி. மிக்க நன்றி. தலைப்பு மட்டும் இன்னும் குதிக்கிறது: முதலில் இரண்டு வரி, பிறகு மூன்று.

நிரல்வண்டு:
அது ஃபான்ட் மாறும்போது நடப்பது. முதலில் போனின் சொந்தத் தமிழ் எழுத்து வருகிறது. உங்கள் ஃபான்ட் அதைவிட அகலம், இறங்கியதும் ஒரு வரி கூடுகிறது. தலைப்புக்கு ஒரே தடிமன், வோஃப்2 (வெப் ஃபான்ட் வகை) கோப்பு, ப்ரீலோட் (முன்கூட்டியே இறக்கச் சொல்லும் வரி). ப்ரீலோடில் கிராஸ் ஆரிஜின் என்ற சொல்லை எழுத மறந்தால் அதே கோப்பு இரண்டு முறை இறங்கும். நெட்வொர்க் பட்டியலில் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முதலில் தெரியும் மாற்று ஃபான்டுக்கு சைஸ் அட்ஜஸ்ட் (எழுத்தின் அளவை மாற்றும் அமைப்பு) கொடுத்து, இரண்டும் ஒரே இடத்தில் வரி மடியும்வரை சதவீதத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

லைன் ஹைட்டையும் (வரியின் உயரம்) பாருங்கள். ஆங்கிலத் தலைப்புக்குப் போடும் 1.1ஐ அப்படியே விட்டால், மேல் வரி "கூ"வின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். தமிழுக்கு 1.4க்குக் குறையாமல் வையுங்கள்.