என் பழைய இணையதளங்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். 1999 முதல் 2006 வரை பொழுதுபோக்காக நான் நடத்திய நான்கு இணையதளங்களின் கோப்புகள் இரண்டு குறுந்தகடுகளில் கிடக்கின்றன. அஞ்சல்தலை, விடுகதை, இரவு வானம் என்று ஆசைப்பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறேன். இன்று படித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அழிக்கவோ மனம் வரவில்லை.

ஒரு தகட்டின் பூச்சு உரியத் தொடங்கியதால், இரண்டையும் அப்படியே நகலெடுத்துத் தனித்தனி வன்தட்டுகளில் வைத்துவிட்டேன். இணையப் பக்கங்களில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 இறுதியோடு ஆதரவு நின்றுபோனாலும், சுழலும் நட்சத்திரங்கள் கொண்ட என் முகப்பு, ஃபிளாஷ் கோப்புகளை இயக்கும் ரஃபிள் என்ற மென்பொருள் வழியாக இன்னும் ஓடுகிறது!

உண்மையான தலைவலி விடுகதைப் பக்கங்கள். அவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த எழுத்துரு அது. கோப்பை மொத்தமாக ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால், பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் ஆங்கில எச்டிஎம்எல் குறிச்சொற்களும் சேர்ந்து தமிழாகிப் பக்கமே குலைந்துவிடுகிறது. குறிச்சொற்களைத் தொடாமல் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றும் நிரல் யாரிடமாவது இருக்கிறதா? 140 பக்கங்களையும் கையால் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை.

நான்காவது தளத்தின் படங்கள் என்னிடம் இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. படங்களைத் தேட வேறு இடம் உண்டா?

இன்னொன்று: விருந்தினர் பதிவேட்டில் வந்தவர்களின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கின்றன. திரும்பப் பொதுவில் வைக்கும்போது முகவரிகளை மறைத்துவிட நினைக்கிறேன். பெயர்களை என்ன செய்வது? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.